சீனரின் பழங்கதைகளும் பழவேற்காட்டு முகத்துவாரமும்

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோன் அவர்தம் அரசர் பெயர்களையும் போர்க்களங்களையும் மட்டும் கற்றமைதல் போதாது. அம்மக்கள் தம் குழந்தைகளை உறங்கச் செய்யுங்கால் கூறிய கதைகளையும் கற்றல் வேண்டும். வானம் எவ்வாறு எழுந்தது, மண் எவ்வாறு நிலைத்தது, வெள்ளம் ஏன் வந்தது, அதனைத் தணித்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற விடையைக் கதையாகச் சமைத்து வைத்திருக்கின்றது. அவ்விடைகளில் அவ்வினத்தின் அச்சமும் நம்பிக்கையும் உழைப்பும் ஒருங்கே பதிந்து கிடக்கின்றன.

கிரேக்கரின் கதைகளை நம் மாணவர் ஆங்கில இலக்கிய வகுப்பில் ஓரளவு கற்கின்றனர். இராமாயண பாரதக் கதைகளைத் தாயின் மடியிலிருந்தே கேட்கின்றனர். நோவாவின் பேழையை அறியாதார் இக்கல்லூரியில் இலர். ஆயினும், பல நூற்றாண்டுகளாக நம்மோடு கடல்வழி உறவு பூண்டிருந்த சீன நாட்டின் கதைகளை அறிந்தார் நம்முள் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீனரின் கதைகளைக் கூறப் புகுந்தவிடத்துப் பழவேற்காட்டு ஏரியை ஏன் துணைக்கொள்ளுகின்றோம் என்று வினவுவார் உளராகலாம். சீனரின் முதன்மையான பழங்கதைகள் நீரைப் பற்றியன. பழவேற்காட்டுக் குப்பங்களின் வாழ்வும் நீரைப் பற்றியதே. நீரோடு பழகிய மக்களுக்கே நீரைப் பற்றிய கதையின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

ஏரியின் வாய்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கும். கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணற்றீவு வேலியெனக் கிடக்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொணர்ந்து ஏரியில் சேர்க்கின்றன. பழவேற்காட்டூருக்கு அணித்தேயுள்ள முகத்துவாரத்தின் வழியே கடலின் ஓதம் ஏறி இறங்குகின்றது.

இம்முகத்துவாரமே ஏரியின் உயிர்நிலை. இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் புகுந்து, ஆழமற்ற நீரில் வளர்ந்து, பின்னர்க் கடலை நோக்கித் திரும்பும். மடவை முதலிய மீன்களுக்கும் போக்குவரவு இவ்வழியே. வாய் திறந்திருப்பின் வலை நிறையும். கரையோர நீரோட்டம் மணலைக் கொணர்ந்து வாயைத் தூர்த்துவிடின், கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வெளியேற வழியின்றிக் குப்பங்களுக்குள் நுழையும். அவ்வாறு தூர்ந்த காலங்களில் குப்பத்து மக்கள் தாமே பொருள் திரட்டி மணல்மேட்டை வெட்டி வழி திறந்தமையும் உண்டு. வாய் என்றும் திறந்திருக்குமாறு இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியை அண்மையில் அரசினர் மேற்கொண்டனர்.

ஏரியில் மீன் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். நல்ல மீன் விழும் இடங்களை வரையறுத்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடுக என்று சீட்டுப் போட்டு முறை வகுத்துக் கொள்ளுவர். வலியோன் நல்லிடத்தைத் தனக்கே உரித்தாக்கிக்கொள்ளுதலை இம்முறை தடுக்கின்றது. பாடு பெறாதார்க்கு இம்முறையில் இடமில்லை என்னும் குறையும் அதனால் எழுந்த பூசல்களும் இல்லாமலில்லை. ஆயினும், கண்ணுக்குப் புலனாகும் எல்லைக்கல் ஒன்றேனும் நடப்பெறாத நீர்ப்பரப்பை வாக்கினாலும் வழக்கினாலும் பங்கிட்டு ஆண்டமை வியப்புக்குரியதே.

தூர்ந்த வாயைத் திறத்தல், நீரை முறைப்படுத்திப் பங்கிடுதல் என்னும் இவ்விரண்டையும் உள்ளத்திற் கொண்டு சீன நாட்டிற்குச் செல்வோமாக.

உலகும் மக்களும் தோன்றிய கதை

தொடக்கத்தில் உலகம் கோழி முட்டையைப் போன்று ஒரே குழம்பாய் இருந்தது என்பர் சீனர். அம்முட்டையினுள்ளே பான்கூ என்னும் பேருருவன் 18,000 ஆண்டுகள் வளர்ந்தான். பின்னர்த் தெளிந்த பகுதி மேலெழுந்து வானமாகவும், கலங்கிய பகுதி கீழே தங்கி மண்ணாகவும் பிரிந்தன. பான்கூ இறந்தபொழுது அவன் மூச்சுக் காற்றாயிற்று; குரல் இடியாயிற்று; இடக்கண் ஞாயிறாகவும் வலக்கண் திங்களாகவும் ஆயின; குருதி ஆறுகளாய் ஓடிற்று. பேருருவன் ஒருவனின் உறுப்புக்களினின்றும் உலகம் தோன்றிற்று என்னும் இக்கருத்து இருக்கு வேதத்தின் புருஷ சூக்தத்தை நமக்கு நினைவூட்டுகின்றது. பான்கூவின் கதை சீன நூல்களில் கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில்தான் காணப்படுகின்றது. ஆதலின் அது வெளிநாட்டினின்று வந்ததோ, சீனத்தின் தென்பகுதிக் குடிகளிடையே தோன்றியதோ என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

மக்களைப் படைத்தவள் நூவா என்னும் தெய்வமகள். அவள் மஞ்சள் மண்ணைப் பிசைந்து கையினாலே மக்களை உருவாக்கினாள். வேலை மிகுதியாயிருக்கவே, ஒரு கயிற்றைச் சேற்றிலே தோய்த்து உதறினாள். சிதறிய துளிகளெல்லாம் மக்களாயின. கையால் வனையப்பெற்றோர் செல்வராயினர் என்றும், கயிற்றினின்று சிதறியோர் ஏழைகளாயினர் என்றும் கதை முடிகின்றது. ஏழை செல்வர் வேற்றுமைக்குக் காரணம் தேடிய பண்டை மனிதன் ஒருவனின் கசந்த புன்னகையை இவ்விடத்துக் காண்கின்றோம். வினைப்பயன் என்றும் விதி என்றும் வேறு நாட்டினர் கூறிய விடையைச் சீனன், படைத்தவளின் கைச்சோர்வு என்று கூறிவிட்டான்.

இந்நூவாவைப் பற்றிய மற்றொரு கதை உண்டு. ஒருகால் வானத்தைத் தாங்கிய தூண்கள் முறிந்தன, வானம் பிளந்தது, நெருப்பு அவியாது எரிந்தது, நீர் வடியாது பெருகிற்று. நூவா ஐந்நிறக் கற்களை உருக்கி வான்பிளவை அடைத்தாள்; பேராமை ஒன்றின் கால்களை வெட்டி நான்கு திசைகளிலும் தூணாக நட்டாள்; நாணலை எரித்த சாம்பலைக் குவித்து வெள்ளத்தைத் தடுத்தாள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘ஹுவாய்நான்சி’ என்னும் நூலில் இக்கதை காணப்படுகின்றது. அந்நூலிலேயே கொங்கொங் என்பான் சினங்கொண்டு மலையொன்றை முட்டிய செய்தியும் உள்ளது. அதனால் வானம் வடமேற்கே சாய்ந்தது. மண் தென்கிழக்கே தாழ்ந்தது. சீனத்து ஆறுகள் கிழக்கு நோக்கிக் கடலிற் சென்று விழுதற்கு இதுவே காரணமாம். தம் நாட்டின் நிலஅமைப்பைக் கூர்ந்து நோக்கிய மக்கள் அதற்குக் காரணங் கற்பித்த திறத்தை இதனால் அறியலாம்.

தடுத்தவனும் திறந்தவனும்

இனி, சீனக் கதைகளின் மணிமுடி எனத்தகும் வெள்ளக் கதையைக் காண்போம். யாவோ என்னும் அரசன் காலத்தில் பெருவெள்ளம் தோன்றி மலைகளைச் சூழ்ந்தது. மக்கள் மரங்களிலும் குகைகளிலும் ஒதுங்கினர். வெள்ளத்தை அடக்குமாறு கூன் என்பானுக்குக் கட்டளை பிறந்தது. கூன் ஒன்பது ஆண்டுகள் அணைகளும் கரைகளும் எழுப்பி நீரைத் தடுத்தான். கரை உயர உயர நீரும் உயர்ந்தது. தானே வளரும் தன்மையுடைய மாய மண் ஒன்று வானுலகிலே இருந்தது. கூன் அதனைத் திருடிக் கொணர்ந்தும் பயனின்றிப் போயிற்று. இசைவின்றி அதனை எடுத்த குற்றத்திற்காக அவன் கொல்லப்பட்டான். மூன்றாண்டுகள் அழியாது கிடந்த அவன் உடலைப் பிளந்துகொண்டு அவன் மகன் யூ பிறந்தான்.

தந்தை தோற்ற பணியை மகன் ஏற்றான். ஆயின் முறையை மாற்றினான். நீரைத் தடுத்தலினும் அதற்கு வழி விடுதலே தக்கது என்று அவன் கண்டான். மலைகளை அறுத்தான்; தூர்ந்த ஆறுகளின் வாயைத் திறந்தான்; கால்வாய் தோண்டி நீரைக் கடலுக்கு நடத்தினான். மஞ்சள் நாகம் ஒன்று தன் வாலை நிலத்தில் இழுத்துச் சென்று கால்வாய்க்குத் தடம் வகுத்ததாகவும், கரிய ஆமை ஒன்று மண்ணைச் சுமந்து பின்தொடர்ந்ததாகவும் பிற்காலத்து நூல் ஒன்று கூறும். பதின்மூன்று ஆண்டுகள் யூ வீடு திரும்பவில்லை. மும்முறை தன் வீட்டு வாயிலைக் கடந்து சென்றான். உள்ளே தன் குழந்தை அழும் குரலைக் கேட்டும் நுழையாது சென்றான். அவன் கைகள் காய்த்தன. கால் முடங்கி நொண்டி நடந்தான். முடிவில் வெள்ளம் வடிந்தது. நாட்டை ஒன்பது மாகாணங்களாகப் பகுத்து ஒழுங்குசெய்த அவனே சியா மரபின் முதல் மன்னனானான் என்பர்.

இக்கதையில் துயரம் தோய்ந்த ஒரு பகுதியும் உண்டு. மலையை அகழுங்கால் யூ கரடி வடிவு கொள்வான். முரசொலி கேட்டால் மட்டுமே உணவு கொணருமாறு மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் அவன் கால்பட்டுத் தெறித்த கற்கள் முரசின்மீது விழுந்தன. ஒலி கேட்டு வந்த மனைவி கரடியைக் கண்டு நாணி ஓடிக் கல்லாய்ச் சமைந்தாள். கருவுற்றிருந்த அக்கல்லை நோக்கி, ‘என் மகனைத் தா’ என்று யூ கூவினான். கல் பிளந்தது, மகன் பிறந்தான். அவனுக்குச் ‘சி’ என்று பெயர். அச்சொற்குத் ‘திறத்தல்’ என்பது பொருள். பொதுப்பணியில் முழுதும் அழுந்தியவன் இல்லத்தார்க்கு அயலானாய்ப் போகும் அவலத்தை இக்கதை ஒளிக்காது கூறுகின்றது.

பிற நாடுகளின் வெள்ளக் கதைகளோடு இதனை ஒப்பிடுக. நோவா பேழையிற் புகுந்து உய்ந்தான். மனு மீனின் கொம்பிலே தன் ஓடத்தைக் கட்டி உய்ந்தான். அவ்விரு கதைகளிலும் தெய்வத்தின் அருளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவனும் அவனைச் சார்ந்தோரும் பிழைக்கின்றனர். சீனரின் கதையில் பேழை இல்லை. வெள்ளம் மண்வெட்டியால் வெல்லப்படுகின்றது. மஞ்சளாறு 1855ஆம் ஆண்டில் தன் போக்கையே மாற்றிக்கொண்டு வேறிடத்தில் கடலிற் கலந்தது. 1887ஆம் ஆண்டில் கரையுடைத்துப் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. இத்தகைய ஆற்றின் கரையில் வாழ்ந்த மக்கள் இவ்வாறு கதை சொன்னது இயல்பே. மஞ்சளாற்றின் மேற்பகுதியில் ஏறத்தாழ கி.மு. 1920இல் மலைச்சரிவினால் தேங்கிய நீர் உடைத்துப் பெருகியதற்கு அடையாளங்கள் கிடைத்துள்ளன என்று 2016இல் ஆய்வாளர் சிலர் வெளியிட்டு, அதுவே யூவின் வெள்ளமாகலாம் என்றனர். ஏனையோர் அதனை மறுத்துமுள்ளனர். வரலாறு எவ்வாறாயினும் கதையின் அறிவுரை வழுவாதது. பழவேற்காட்டிலே மணல்மேட்டை வெட்டி ஓதத்திற்கு வழி திறக்கும் குப்பத்தான் யூவின் பெயரைக் கேட்டறியான். எனினும் யூவின் கொள்கையையே தன் கையினாற் செய்கின்றான்.

கடலைப் பற்றிய கதைகள்

ஆற்றைப் போலவே கடலும் சீனரின் கற்பனையைக் கவர்ந்தது. ‘ஷான்ஹாய்ஜிங்’ என்பது மலைகளையும் கடல்களையும் பற்றிய பழந்தொகை நூல். அதில் ஜிங்வெய் என்னும் பறவையின் கதை சில வரிகளில் அடங்கியுள்ளது. அரசன் ஒருவனின் இளமகள் கீழைக்கடலில் நீராடி மூழ்கி இறந்தாள். அவள் உயிர் சிறு பறவையாயிற்று. அப்பறவை மேற்குமலையினின்று சுள்ளியையும் கல்லையும் அலகாற் கவ்விக் கொணர்ந்து, தன்னை விழுங்கிய கடலைத் தூர்த்துவிடுவதற்காக ஓயாது போட்டுக்கொண்டேயிருக்கின்றதாம். கடல் தூரப்போவதில்லை என்பதைப் பறவையும் அறியும், கேட்போரும் அறிவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மக்களை இழந்த நம் கடற்கரைத் தாய்மார்க்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை.

கடல்களை நாகவரசர் நால்வர் ஆளுகின்றனர் என்பதும் சீனர் நம்பிக்கை. சீனத்து ‘லோங்’ என்னும் நாகம் ஐரோப்பியர் கதைகளில் வரும் தீயுமிழும் கொடிய விலங்கன்று. மழை பொழிவிக்கும் தெய்வம். பௌத்த நூல்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டபொழுது நம் நாட்டு நாகராசர்களை ‘லோங்’ என்னும் சொல்லாலேயே பெயர்த்தனர். கடலடியில் மணிமாளிகை அமைத்து வாழும் நாகவரசர் என்னும் கருத்து அதன்பின்னரே சீனத்தில் வேரூன்றிற்று. மழை பொய்த்தபொழுது சிற்றூர் மக்கள் நாகவரசனின் படிமத்தைக் கோயிலினின்று வெளியே கொணர்ந்து வெயிலில் வைப்பதும் உண்டு. தம் வெப்பத்தைத் தெய்வமும் உணர்ந்தால் மழை தரும் என்பது அவர்கள் எண்ணம். யூ அறுத்ததாகக் கூறப்படும் ‘நாகவாயில்’ என்னும் மலையிடுக்கில் எதிர்நீச்சலிட்டு ஏறித் தாண்டும் கெண்டைமீன் நாகமாகிவிடும் என்பது மற்றொரு வழக்கு. அரசாங்கத் தேர்வில் வென்ற ஏழை மாணவனைச் சீனர் அக்கெண்டைக்கு ஒப்பிடுவர். தேர்வு நெருங்குங்கால் நம் மாணவர் இதனை நினைவுகூரலாம்.

மீனவர்க்கு நெருங்கிய தெய்வம் மாட்சூ. கி.பி. 960இல், ஃபூஜியான் கரையை அடுத்த மெய்சௌ தீவில், லின் என்னும் குடியில் அவள் பிறந்ததாகக் கூறுவர். பிறந்தபொழுது அழாதிருந்தமையின் ‘மௌனம்’ எனப் பொருள்படும் மோ என்னும் பெயர் பெற்றாள். ஒருநாள் தந்தையும் தமையன்மாரும் கடலிற் சென்றிருக்கப் புயல் எழுந்தது. தறியருகே இருந்த பெண் கண்மூடி மெய்ம்மறந்தாள். அவள் உயிர் கடல்மேற் சென்று அவர்தம் படகுகளைப் பற்றிக் காத்தது. தாய் அஞ்சி அவளை உலுக்கி எழுப்பவே, பிடி நழுவி ஒரு படகு மூழ்கிற்று. இளமையிலேயே மறைந்த அவளைக் கடலோடிகள் தெய்வமாக வணங்கினர். அரசரும் அடுத்தடுத்துப் பட்டமளித்தனர்: குபிலாய்கான் 1281இல் ‘வானத்து அரசி’ என்றும், பின்வந்த கங்சி மன்னர் காலத்தில் 1684இல் ‘வானத்துப் பேரரசி’ என்றும் அவள் உயர்த்தப்பட்டாள். ஆயிரம் காவதம் காணும் கண்ணுடையான் ஒருவனும், காற்றுவழி வரும் ஒலி கேட்கும் செவியுடையான் ஒருவனும் அவளுக்கு ஏவலர். தொலைவில் எழும் புயலை முன்னறிந்து சொல்ல ஒருவர் வேண்டும் என்பது எக்கடற்கரை மக்களும் வேண்டும் வரமன்றோ?

பழவேற்காட்டிலும் கடலேறுவோர் அம்மனை வணங்கிச் செல்லுவர். மகிமை மாதாவைத் தொழுது செல்வாரும் உளர். பள்ளிவாசலில் வேண்டிச் செல்வாரும் உளர். நாமங்கள் வேறாயினும், திரும்பி வருதல் என்னும் வேண்டுதல் ஒன்றே.

கதைகள் கடல் கடந்த வகை

இவ்விரு கரைக் கதைகளும் ஒன்றையொன்று அறியாது தனித்து வளர்ந்தன என்று எண்ணற்க. சீனத்துத் துறைமுகமாகிய சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. குபிலாய்கானின் நலத்தின்பொருட்டுச் சிவன் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. அதே ஆண்டில்தான் மாட்சூவும் அரசிப் பட்டம் பெற்றாள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நகரத்துப் பௌத்தக் கோயிலின் தூண்களிலே கண்ணன் கதைச் சிற்பங்களை இன்றும் காணலாம்.

1409இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலத்தில் பொறிக்கப்பட்ட கல்லொன்று இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகள் உள்ளன. சீனப்பகுதி புத்தருக்கும், தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப்பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துகின்றது. அச்செங் ஹோவே 1431இல் சீனக் கரையில் நாட்டிய கல்லில், புயலினின்று தம் கலங்களைக் காத்தமைக்காக வானத்து அரசிக்கு நன்றி கூறுகின்றார். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில், ஒருகாலத்தில் கடலோரமாயிருந்த இடத்தில், 1842இல் கட்டி முடிக்கப்பெற்ற மாட்சூவின் கோயிலும், சோழமண்டலக் கரையினின்று சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1830 அளவில் கட்டி முடித்த நாகூர் தர்காவும் அணித்தணித்தே நிற்கின்றன. கரையேறிய சீனனும் தமிழனும் முதற்கண் செய்தது கடலைத் தந்தவனுக்கு நன்றி கூறுதலேயாம்.

பௌத்தத்தின் அவலோகிதர் சீனத்திற் சென்று குவான்யின் என்னும் பெண் தெய்வமாயினார். அவர் உறையும் போதலக மலை தென்னாட்டில் மலயத்திற்கு அணித்தே உள்ளது என்று 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதினார். அகத்தியர் தமிழ் கற்றது இவ்வவலோகிதரிடமே என்று 11ஆம் நூற்றாண்டுத் தமிழிலக்கணமாகிய வீரசோழியம் கூறும். தமிழுக்கு ஆசிரியராகக் கருதப்பெற்றவர் சீனர்க்குக் கருணைத் தாயானமை அழகிய செய்தியன்றோ?

யுவான் சுவாங்கின் யாத்திரையே பிற்காலத்தில் பெருங்கதையாக வளர்ந்து 1592இல் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் நூலாக அச்சேறிற்று. அதன் தலைமை மாந்தன் துறவியல்லன். சுன் வூகொங் என்னும் குரங்கு வீரன். வானில் தாவுதல், உருமாறுதல், துணைசெய்தல் ஆகியவற்றால் அவன் அனுமனை ஒத்திருத்தல் கண்டு, அனுமனே அவனுக்கு மூலம் என்று 1923இல் ஹூ ஷி என்னும் அறிஞர் கருதினார். லூ சுன் என்னும் எழுத்தாளர் அதனை மறுத்து, யூவினால் சங்கிலியிற் பிணிக்கப்பட்ட குரங்கு வடிவ நீர்ப்பூதமே மூலம் என்றார். வழக்கு இன்னும் முடிந்திலது. ஒன்று மட்டும் நமக்கு இன்பந் தருவது: சுன் வூகொங் கையில் ஏந்திய இரும்புத் தண்டு, கடலின் ஆழத்தை அளப்பதற்காக யூ பயன்படுத்திய அளவுகோலே என்றும், அது கீழைக்கடல் நாகவரசனின் மாளிகையில் கிடந்தது என்றும் அந்நூல் கூறுகின்றது. கழியூன்றி ஆழம் பார்த்து ஓடம் செலுத்தும் பழவேற்காட்டுச் சிறுவனின் கையிலும் அக்கோலின் உறவினன் ஒன்று உண்டு. அவ்வூர் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் சிறுசிறு இராமாயணச் சிற்பங்களில் அனுமனையும் காணலாம்.

ஏட்டில் ஏறாத கதைகள்

கிரேக்கர்க்கு ஹோமரும், நமக்கு வியாசரும் வான்மீகியாரும் வாய்த்தவாறு சீனர்க்குத் தம் பழங்கதைகளை ஒரு கோவையாக்கித் தந்த புலவர் ஒருவர் வாய்த்திலர். தெய்வங்களைப் பண்டை மன்னராக மாற்றி வரலாறாக்கிய கன்பூசிய அறிஞரின் கையில் பல கதைகள் உருவிழந்தன. எஞ்சியவை ஆங்காங்கே ஒருவரி இருவரியாய்ச் சிதறிக் கிடந்தன. யுவான் கெ என்னும் அறிஞர் அத்துணுக்குகளைத் திரட்டி 1950இல் நூலொன்று வெளியிட்டார். அப்பணியிலேயே தம் வாழ்நாளையும் கழித்தார்.

அதற்கும் முன்னரே நாட்டார் வாய்மொழியைத் திரட்டும் பணி ஒரு கல்விக்கழகத்தில் தொடங்கிற்று என்பது நாம் கருத்தூன்றத்தக்கது. 1918இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தார் நாட்டுப் பாடல்களைச் சேகரித்து அனுப்புமாறு பொது வேண்டுகோள் விடுத்தனர். 1922இல் அதற்கெனவே வார இதழ் ஒன்றையும் தொடங்கினர். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர் தம் பாட்டியரிடமும் படகோட்டிகளிடமும் கேட்டவற்றை எழுதிக் கொணர்ந்தனர். அதுகாறும் கற்றோர் இகழ்ந்த பாடல்கள் அதன்பின்னர் நாட்டின் செல்வமென மதிக்கப்பட்டன.

பழவேற்காட்டைப் பற்றி ஏட்டில் உள்ளவை எவை? 1613இல் எழுந்த டச்சுக்காரரின் ஜெல்திரியா கோட்டையின் கணக்குகள் உள்ளன. அவர்தம் கல்லறைகளில் செதுக்கிய எழுத்துக்கள் உள்ளன. அவர்கள் கப்பலேற்றிய துணிகளின் விலைப்பட்டியல் உள்ளது. அவர்கள் வந்திறங்கியபொழுது கரையில் நின்று நோக்கிய மீனவன் தன் மகனுக்குச் சொன்ன கதை எந்த ஏட்டிலும் இல்லை. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு அதன் குணமறிந்தவர், நீர்நிறம் கண்டு மீன்வரவை உரைப்பவர், பாடு ஒவ்வொன்றின் பெயர்க்காரணமும் அறிந்தவர் இன்னும் அக்குப்பங்களில் உளர். முதியோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இளைஞர் ஆலைகளுக்கும் நகரத்திற்கும் வேலை நாடிச் செல்கின்றனர். மணல் அடைத்தால் முகத்துவாரத்தை மீண்டும் வெட்டித் திறக்கலாம். சொல்லிய வாய் மூடிவிட்டால் அதனைத் திறக்கும் மண்வெட்டி எவரிடமும் இல்லை.

ஆதலின், கடற்கரை ஊர்களினின்று நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். வீட்டு முதியோரிடம் அமர்ந்து, அவர் கூறும் சொல் மாறாது எழுதுங்கள். கூறியவர் ஊரையும் வயதையும் நாளையும் அதனடியிற் குறியுங்கள். கதை பொய்யோ மெய்யோ என்று அப்பொழுதே ஆராயப் புகாதீர்கள். அது பின்வருவோர் செய்யும் வேலை. நம் இதழின் தமிழ்ப் பகுதி அவற்றுக்கு இடமளிக்கட்டும். தூர்ந்த ஆற்று வாய்களை ஒவ்வொன்றாய்த் திறந்து யூ பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தான். நம்மிடம் வேண்டப்படுவது ஒரு கோடை விடுமுறையின் உழைப்பே.